பட்டாத் தகராறா? நீதிமன்றப் படியேறும் முன் தாலுகா முதல் டி.ஆர்.ஓ. வரை: ஒரு முழுமையான வழிகாட்டி

என் சித்தப்பாவின் மாந்தோப்பு இரண்டு ஏக்கர் இருபத்தைந்து சென்ட். தர்மபுரி மாவட்டத்தின் ஒரு மூலையில், ஏரிக்கரையை ஒட்டிய செம்மண் நிலம். பயிர்க்கடன் வாங்கப் போனபோதுதான் விவகாரம் தெரிந்தது. சிட்டாவில், அதாவது நிலம் யார் பெயரில், எவ்வளவு பரப்பு என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவில், பரப்பு 0.19.0 ஹெக்டேர் என்றிருந்தது. கணக்குப் போட்டால் நாற்பத்தேழு சென்ட். மீதி ஒன்றேமுக்கால் ஏக்கர் எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை. ஊரில் நாலு பேர் சொன்னபடி அவர் நேரே ஒரு வக்கீலிடம் போனார். "பட்டாவைத் திருத்த உத்தரவிட வேண்டும்" என்று வட்டாட்சியர் மேல் உரிமையியல் வழக்குப் போட்டார்கள். ஒன்றரை ஆண்டு வாய்தாவுக்குப் பிறகு, இப்படி ஒரு வழக்கே நிலைக்காது என்று தள்ளுபடி ஆனது.

தள்ளுபடிக்குக் காரணம் 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. பட்டாவில் ஒரு பதிவைச் சேர், நீக்கு, திருத்து என்று கேட்டு அரசு மேலோ அலுவலர் மேலோ வழக்குப் போட முடியாது என்கிறது அது. அந்தச் சட்டமே வேறு ஏணி வைத்திருக்கிறது: வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.). அந்த ஏணியில் எப்படி ஏறுவது, எந்த இடத்தில் ஏணியை விட்டு இறங்கி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

உங்கள் தகராறு எந்த வகை?

இதைத் தெளிவாக்காமல் ஒரு மனுவும் எழுத வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நான் பார்த்த பட்டாத் தகராறுகள் பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை எழுத்துப் பிழை. பெயரில், தகப்பனார் பெயரில், சர்வே எண்ணில், பரப்பில் தவறு. எதிராளி என்று யாரும் இல்லை. இது முழுக்க முழுக்க வருவாய்த் துறையின் வேலை. நீதிமன்றத்துக்கு இதில் இடமே இல்லை.

இரண்டாம் வகை, பதிவே தவறான ஆள் பேருக்குப் போயிருப்பது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர் வழக்கில் யு.டி.ஆர்., வயலில் யார் நின்றாரோ அவர் பெயரை எழுதிக்கொண்டு போன இடங்கள் உண்டு. அண்ணன் வீட்டில் இருந்தார், தம்பி பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். பட்டா அண்ணன் பெயரில் விழுந்தது. இங்கே ஏணியும் தேவைப்படும், பிறகு நீதிமன்றமும் தேவைப்படலாம்.

மூன்றாவது, நிலமே யாருடையது என்பதில் சண்டை. பாகப்பிரிவினை, உயில், போலிப் பத்திரம், பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு அண்ணன் தம்பி மட்டும் வாங்கிய கூட்டுப் பட்டா. இதில் வருவாய்த் துறை தீர்ப்புச் சொல்ல முடியாது. 1987-ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தக விதிகளின் 4(4)-ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: வாரிசுரிமைச் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்வி எழுந்து, எல்லாத் தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொள்ளாவிட்டால், உரிமையியல் நீதிமன்றத்தில் முடிவு வாங்கி வரும்படி வட்டாட்சியர் அனுப்பிவிட வேண்டும்.

தனியார் இருவருக்குள் நடக்கும் உரிமைச் சண்டையில், ஏணி முழுவதையும் ஏறிவிட்டுத்தான் நீதிமன்றம் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மேலே சொன்ன 14-ஆவது பிரிவிலேயே அதற்கு விலக்கு இருக்கிறது. பட்டாப் பதிவால் உங்கள் உரிமை பாதிக்கப்பட்டால், அந்த உரிமையை மறுக்கும் ஆள் மேல் விளம்புகைப் பரிகாரம், அதாவது உரிமை உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்று, கேட்டு வழக்குப் போடலாம். நாளைக் காலையில் பக்கத்துக்காரர் ஜே.சி.பி.யோடு வரப்பில் நிற்கப் போகிறார் என்றால் தாலுகாவுக்கு மனு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். நிரந்தரத் தடையுத்தரவு வழக்கும், அதில் இடைக்காலத் தடைக்கான மனுவும் அன்றே.

காகிதம் சேர்த்தல்

அதிக நேரம் இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும். பட்டா உரிமைப் பத்திரம் அல்ல; வரி வசூலிக்க வைத்திருக்கும் பதிவு. வருவாய்ப் பதிவால் உரிமை உண்டாவதும் இல்லை, அழிவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996, 1997, 2007 என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆகவே பட்டாவை எதிர்க்கப் பட்டாவைவிடக் கனமான காகிதம் வேண்டும்.

இணையத்தில் கிடைப்பதை முதலில் எடுங்கள்: சிட்டா, அ பதிவேடு (ஊரின் சர்வே எண்கள் வாரியாக நில விவரம் எழுதிய பதிவேடு), புல வரைபடம், வில்லங்கச் சான்று. வில்லங்கச் சான்றை முடிந்தவரை பின்னோக்கி எடுக்க வேண்டும். பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தாலுகா அலுவலகத்தில் இருக்கும் கையெழுத்துப் பதிவேடுகள்: யு.டி.ஆர். கால அ பதிவேடு, அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு, பழைய சர்வே எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்புமைப் பதிவேடு. ஒப்புமைப் பதிவேடு இல்லாமல் தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்றுக்கும் உதவாது. பத்திரத்தில் இருப்பது பழைய எண். இன்று ஊரில் எல்லோரும் சொல்வது புதிய எண்.

பழைய காகிதம் எங்கே கிடைக்கும் என்பதில் நம் வட்டாரத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-இல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. தர்மபுரி 1965 அக்டோபர் 2-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரியில் இல்லை என்று சொன்னால் தர்மபுரியில் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் சேலம். இன்னும் பின்னால் போனால் பாரமகால். 1792-இல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்த இந்தச் சீமையில்தான் அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் முறையை ஓட்டிப் பார்த்தார்கள். மன்றோ இருந்தது தர்மபுரியில். ரயத்துவாரிப் பட்டாவின் பிறந்த ஊர்க்காரர்கள் நாம். அதனால் பட்டா சுலபமாகக் கிடைத்துவிடுகிறதா என்று கேட்காதீர்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் பழைய பத்திரம் தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கலாம். ஊர்ப் பெரியவர் வாசித்துச் சொல்வது மனுவுக்குப் போதாது. தமிழாக்கம் செய்து, செய்தவர் கையெழுத்தோடு மூலப் பிரதியின் நகலையும் சேர்த்து வையுங்கள். முன்னாள் இனாம் கிராமம் (அந்தக் காலத்தில் மானியமாகக் கொடுத்த ஊர்) என்றால், 1963-ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டங்களின்படி யாருக்கு ரயத்துவாரிப் பட்டா கொடுத்தார்கள் என்ற ஆணையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு தாள் மற்ற பத்துத் தாளுக்குச் சமம்.

பதிவேட்டைப் பார்க்க விடவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "என் நிலத்தை ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல, விளக்கம். "இன்ன சர்வே எண்ணுக்குப் பட்டா மாறுதல் செய்த கோப்பின் முழு நகல், விசாரணை அறிவிப்பு சார்வு செய்யப்பட்டதற்கான ஒப்புகை உட்பட" என்று கேளுங்கள். அறிவிப்பு உரியவர் கையில் சேர்ந்ததைக் காட்டும் அந்த ஒப்புகை இல்லாததாலேயே பல வழக்குகள் வென்றிருக்கின்றன.

சித்தப்பாவின் விஷயமும் இங்கேதான் அவிழ்ந்தது. கையெழுத்து அ பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்த்தோம். மங்கிய நீல மையில் 0.91.0 என்று தெளிவாக இருந்தது. யாரோ கணினியில் ஏற்றும்போது ஒன்பதையும் ஒன்றையும் இடம் மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான். இதற்காகத்தான் ஒன்றரை ஆண்டு நீதிமன்ற வராந்தாவில் நின்றிருக்கிறார். ஹெக்டேரைக் கண்டு பயப்படாமல் ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வையுங்கள்: 0.40.5 என்பது ஒரு ஏக்கர். சிட்டாவைக் கையில் வாங்கிய உடனே இதை வைத்துச் சரி பாருங்கள்.

வட்டாட்சியருக்கு மனு

மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். குடும்ப வரலாறு வேண்டாம். கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், இப்போது இருக்கும் பதிவு, இருக்க வேண்டிய பதிவு, அதற்கு ஆதாரம், கேட்கும் பரிகாரம். நாங்கள் எழுதிய முக்கிய வரி இது: "கையெழுத்து அ பதிவேட்டில் 0.91.0 ஹெக்டேர் என உள்ள பரப்பு, கணினிச் சிட்டாவில் 0.19.0 ஹெக்டேர் எனப் பிழையாகப் பதிவாகியுள்ளதால், மூலப் பதிவேட்டின்படி திருத்தி ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதைப் படிக்கும் எழுத்தருக்கு வேறு எதுவும் தேட வேண்டியிருக்காது.

பெயர் மாற்றம், உட்பிரிவு போன்றவற்றுக்கு இ-சேவை மையம் வழியே விண்ணப்பிப்பதே வழக்கம். விண்ணப்ப எண் கையில் கிடைக்கும். பிழைத் திருத்தத்துக்கும் ஆட்சேபணைக்கும் எழுத்து மனுவையும் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைக் கோப்பில் ஒட்டுங்கள்.

பிறகு கிராம நிர்வாக அலுவலர் வருவார், உட்பிரிவு என்றால் நில அளவர் வருவார். அளவை நடக்கும் நாளில் நிலத்தில் நீங்கள் இருந்தே ஆக வேண்டும். வேறு வேலை இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள், கல்யாணமாக இருந்தாலும்.

திங்கட்கிழமை குறைதீர் நாள் பற்றி ஒரு வார்த்தை. ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து எண் வாங்கிவிட்டால் பெரிய காரியம் முடிந்ததாக நினைப்பவர்கள் உண்டு. அந்த மனு திரும்பவும் அதே வட்டாட்சியர் மேசைக்குத்தான் வரும். தூங்கும் கோப்பைத் தட்டி எழுப்ப அது நல்ல வழி, ஆண்டுதோறும் தாலுகாவில் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியும் அப்படித்தான். ஆனால் அது சட்டப்படியான மேல்முறையீடு அல்ல. பத்து முறை குறைதீர் நாளில் மனுக் கொடுத்தவரைப் பார்த்து, "மேல்முறையீடு செய்தீர்களா?" என்று நீதிமன்றம் கேட்டால், இல்லை என்பதுதான் பதில்.

ஆணையை எழுத்தில் வாங்குதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். நம் ஆட்களுக்குத் தள்ளுபடி என்றால் பயம். "முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறார்கள், பேசிப் பார்க்கலாம்" என்று வருடக்கணக்கில் நடப்பார்கள். வாயால் சொன்ன "முடியாது" மேல் மேல்முறையீடு இல்லை. எழுதிக் கொடுத்த "முடியாது" மேல்தான் உண்டு. தள்ளுபடி ஆணையும் ஓர் ஆவணம். ஏணியின் அடுத்த படி அதுதான். ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), தேதி, காரணம், கையெழுத்து என நான்கும் உள்ள ஆணையைக் கேட்டு வாங்குங்கள். அது கைக்குக் கிடைத்த தேதியை உறையின் மேலேயே குறித்து, உறையையும் பத்திரப்படுத்துங்கள். கெடு ஓடத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான்.

ஆணையே வராவிட்டால்? இரண்டு நினைவூட்டல் கடிதம், தேதியோடு. அப்புறமும் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆணை பிறப்பிக்கக் கோரும் ரிட் மனு. நம் இரண்டு மாவட்டத்துக்கும் சென்னைதான், மதுரைக் கிளை அல்ல. அங்கே பெரும்பாலும் கிடைப்பது, இத்தனை வாரத்துக்குள் இரு தரப்பையும் விசாரித்து முடிவெடு என்ற உத்தரவு. நிலம் கிடைத்துவிட்டதென்று அன்றைக்கே லட்டு வாங்க வேண்டாம்; கிடைத்தது ஒரு கெடு மட்டுமே.

கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு

பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி வட்டாட்சியர் ஆணை மேல் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். தர்மபுரி மாவட்டத்தில் தர்மபுரி, அரூர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிருஷ்ணகிரி, ஓசூர். ஓசூரில் அந்த நாற்காலியில் சார் ஆட்சியர் இருப்பார், அதிகாரம் அதேதான். ஆணை கிடைத்த 30 நாளுக்குள் போட்டுவிடுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் காரணம் சொல்லித் தனி மனு, மருத்துவச் சான்று போன்ற ஆதாரத்தோடு.

மேல்முறையீட்டில் புதுக் கதை சொல்ல வேண்டாம். வட்டாட்சியர் ஆணையில் எந்த இடம் தவறு என்று வரி வரியாகக் காட்டுங்கள். மிக வலுவான காரணம் எதுவென்றால், பட்டாவில் பெயர் இருந்த உங்களுக்கு அறிவிப்பே கொடுக்காமல் மாற்றியது. சட்டம் அதை அனுமதிக்கவில்லை. விசாரணை நாளில் எதிர்த் தரப்பும் வரும், வாக்குமூலம் எழுதுவார்கள். எழுதியதை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "அனுபவம் எதிர்மனுதாரரிடம் உள்ளது" என்று ஒரு வரி நடுவில் நுழைந்துவிட்டால், பின்னால் நீதிமன்றத்தில் அதே வரி உங்கள் முன் வந்து நிற்கும். சொல்ல வேண்டியதை எழுத்துபூர்வ வாதமாகவும் கொடுத்துவிடுங்கள்.

அங்கும் தோற்றால் 13-ஆவது பிரிவுப்படி மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. சீராய்வு என்பது கீழே நடந்தது சட்டப்படி நடந்ததா என்று பார்ப்பது. எல்லாவற்றையும் புதிதாக விசாரிப்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இரண்டு கடிகாரம்

ஏணி ஏறும்போது பலரும் கவனிக்காமல் விடுவது இது. வருவாய்த் துறையில் கோப்பு நடந்துகொண்டிருக்கும்போதே காலவரையறைச் சட்டத்தின் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. உரிமை விளம்புகை வழக்குக்கு 3 ஆண்டு, வழக்குப் போடும் உரிமை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து. உரிமையின் அடிப்படையில் நிலத்தின் சுவாதீனம் கேட்க 12 ஆண்டு. டி.ஆர்.ஓ. விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தேன் என்றால் அந்த நாள்களைக் கழித்துக் கொடுப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே தகராறு மூன்றாம் வகை என்று தெரிந்த அன்றே சுவர்க் காலண்டரில் இரண்டாம் ஆண்டு முடியும் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அதற்குள் ஏணியில் முடிவு வராவிட்டால், கோப்பு அதன் பாட்டுக்குக் கிடக்கட்டும், நீங்கள் வழக்கைத் தாக்கல் செய்யுங்கள்.

நீதிமன்றம் போகும்போது

டி.ஆர்.ஓ. ஆணையும் பாதகமாக வந்தால் இரண்டு கதவு. ஆணை பிறப்பித்த முறையில் தவறு என்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட். மாற்று வழி இருக்க ஏன் வந்தாய் என்ற கேள்வி அங்கேதான் முதலில் எழும். ஏணி ஏறிய காகிதமெல்லாம் அப்போது பேசும். விதிவிலக்கும் உண்டு. உங்களை விசாரிக்காமலே ஆணையிட்டது, அதிகாரமே இல்லாதவர் ஆணையிட்டது போன்றவற்றில் நேரே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் தெளிவாக்கியிருக்கிறது.

நிலம் யாருடையது என்பதே கேள்வி என்றால் உரிமையியல் நீதிமன்றம். வெறும் தடையுத்தரவு மட்டும் கேட்காதீர்கள். உங்கள் உரிமையின் மேலேயே சந்தேகம் எழுப்பப்பட்டிருந்தால் விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அரசு எதிர்வாதி என்றால், உதாரணமாகப் பட்டா நிலம் புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆவது பிரிவுப்படி முன்னறிவிப்பு அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு அதைத் தாண்டலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

வேறு ஏணிகள்

எல்லாத் தகராறுக்கும் மேலே சொன்ன ஏணி பொருந்தாது. சார்பதிவாளர் பத்திரம் பதிய மறுத்தால் மாவட்டப் பதிவாளரிடம் 30 நாளில் மேல்முறையீடு; அவரும் மறுத்தால் 30 நாளில் வழக்கு. ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தால் அது 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அந்த நோட்டீசுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுப்பதுதான் உங்கள் முதல் படி. அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் காட்டு நிலத்தில் உழுதுவரும் பழங்குடியினருக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தனி ஏணி வைத்திருக்கிறது: கிராம சபை, கோட்ட அளவுக் குழு, மாவட்ட அளவுக் குழு, முதல் இரண்டின் முடிவு மேலும் 60 நாளில் அடுத்த குழுவுக்கு மனு.

சித்தப்பாவின் மனு நான்கு மாதத்தில் முடிந்தது. புதுச் சிட்டாவை இ-சேவை மையத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்தார். பரப்பு 0.91.0. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை வாசித்தார். "தம்பி, எங்க அப்பா பேரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறதே" என்றார். பழைய மனுவின் நகலை எடுத்துவைத்து, பரப்பு என்ற இடத்தில் தகப்பனார் பெயர் என்று மாற்றி எழுத உட்கார்ந்தோம்.